வில்லா முதல்ல, பேப்பர் அப்புறம்: கோமோ ஏரியில நடந்த ஒரு கல்யாணத்தோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 செப்டம்பர்ல இத்தாலி கோமோ ஏரிக்கரையில நடந்த ஒரு கல்யாணம் பத்தின பதிவு இது. பேரு, ஊரு, எந்த வில்லா எதுவும் சொல்லப்போறதில்ல. வெளிநாட்டுல கல்யாணம்னா எல்லாரும் லொகேஷன், பூ அலங்காரம், போட்டோன்னுதான் யோசிக்கறாங்க, இந்த கேஸ்ல கல்யாண ஏற்பாட்டாளர்களான எங்களுக்கு வேலை வெச்சது அது எதுவும் இல்ல, பொண்ணோட பழைய விவாகரத்து தீர்ப்பும் வர்றவங்களோட பாஸ்போர்ட்டும்தான், அதனால அதைத்தான் விரிவா எழுதறேன்.

ரெண்டு பேருக்கும் முப்பத்தஞ்சு வயசை ஒட்டி, ஒரே ஊர்ல வேலை, ஆனா அது ரெண்டு பேருக்குமே சொந்த நாடு இல்ல. மாப்பிள்ளையோட பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளுக்குள்ள (இத்தாலி உட்பட ஒரே விசாவுல போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) போக விசா வேண்டாம், பொண்ணுக்கு வேணும். பொண்ணுக்கு இது ரெண்டாவது கல்யாணம். முதல் கணவரை பிரிஞ்சு பல வருஷம் ஆச்சு, கேஸ் இழுத்துக்கிட்டே போயி 2024 ஜனவரி 10-ம் தேதிதான் தீர்ப்பு இறுதியாச்சு. தீர்ப்பு எப்படியும் வந்துடும்ங்கற நம்பிக்கையில அதுக்கு முந்தின நவம்பர்லயே வில்லாவை புக் பண்ணி முப்பது சதவீதம் அட்வான்ஸும் கட்டிட்டாங்க. தேதி செப்டம்பர் 14, சனிக்கிழமை. விருந்தினர் 68 பேர், நாலு நாட்டுல இருந்து வரணும்.

எங்ககிட்ட வந்தது பிப்ரவரில. கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தோட வந்தாங்க, அதனால இடத்தையும் தேதியையும் மாத்தற பேச்சுக்கே எடம் கம்மி.

முதல்ல பாத்தப்போ தெரிஞ்சது

ஒப்பந்தத்துல அட்வான்ஸை கப்பாரா கன்ஃபெர்மத்தோரியா வகையில போட்டிருந்தாங்க. இத்தாலி சிவில் சட்டம் 1385-ம் பிரிவுப்படி இந்த வகை அட்வான்ஸ்ல கொடுத்தவங்க ஒப்பந்தத்தை மீறினா பணம் போயிடும், வாங்கினவங்க மீறினா ரெண்டு மடங்கா திருப்பித் தரணும். அதாவது வில்லா பக்கம் நம்மள ஏமாத்தாதுன்னு ஒரு தைரியம் உண்டு, ஆனா நாமளும் விலக முடியாது. கொட்டேஷன்ல சொன்ன தொகையில ஐ.வி.ஏ (இத்தாலியோட மதிப்புக் கூட்டு வரி) சேரல, கீழ சின்ன எழுத்துல ஒரு வரி மட்டும் இருந்துச்சு, அங்க பொதுவான விகிதம் 22 சதவீதம், அவங்க போட்டு வெச்சிருந்த பட்ஜெட்ல அந்தக் கணக்கே இல்ல.

ஆனா பெரிய விஷயம் அது இல்ல. அங்கயே சட்டப்படி கல்யாணம் பதிவு ஆகணும்ங்கறது ரெண்டு பேரோட ஆசை. இத்தாலியில வெளிநாட்டுக்காரங்க சிவில் கல்யாணம் பண்ண முடியும், தடையில்லைன்னு அவங்கவங்க நாட்டு தூதரகம் கொடுக்கற நுல்லா ஓஸ்தா வேணும், பல நாட்டுக்காரங்க அதை ப்ரெஃபெத்தூராங்கற மாகாண அரசு ஆபீஸ்ல சட்டபூர்வமாக்கணும், கோமுனேங்கற உள்ளாட்சி ஆபீஸ்ல உறுதிமொழி கொடுக்கணும், மொழி தெரியலன்னா மொழிபெயர்ப்பாளர் கூட இருக்கணும், சாட்சி ரெண்டு பேர். இதெல்லாம் அலைச்சல்தான், ஆனா முடியாத வேலை இல்ல. முடியாம போனது வேற ஒரு இடத்துல.

இத்தாலி சிவில் சட்டம் 89-ம் பிரிவு. முந்தின கல்யாணம் முறிஞ்சு 300 நாள் ஆகாம ஒரு பெண் மறுமணம் பண்ண முடியாது. குழந்தையோட அப்பா யாருன்னு குழப்பம் வரக்கூடாதுன்னு வெச்ச பழைய விதி. வெளிநாட்டுக்காரங்களுக்கு இது பொருந்தாதுன்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க, அதே சட்டத்தோட 116-ம் பிரிவு வெளிநாட்டுக்காரங்களுக்கும் 89 பொருந்தும்னு நேராவே சொல்லுது. ஆணுக்கு இந்த காத்திருப்பு கிடையாது. ஜனவரி 10-ல இருந்து 300 நாள் எண்ணினா நவம்பர் முதல் வாரம் வருது. கல்யாணம் செப்டம்பர் 14.

இன்னொண்ணும் சேர்ந்து வந்துச்சு. அங்க சிவில் கல்யாணம் கோமுனே கட்டடத்துல நடக்கணும், இல்லன்னா கோமுனே அதுக்குன்னு அங்கீகரிச்சு வெச்ச இடத்துல நடக்கணும். இவங்க புக் பண்ணின வில்லா அந்த அங்கீகாரம் வாங்கின இடம் இல்ல. வெப்சைட்ல இருந்த அழகான மண்டபப் படத்துக்கு கீழ செரிமனி ஸ்பேஸ்னு இருந்துச்சு, அதை இவங்க சட்டப்படி நடத்தலாம்னு எடுத்துக்கிட்டாங்க. பேப்பர் எல்லாம் சரியா இருந்திருந்தாலும் காலையில ஊராட்சி ஆபீஸ்ல கையெழுத்து, சாயங்காலம் வில்லால விழான்னுதான் ஆகியிருக்கும்.

என்ன முடிவு, ஏன்

மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, 300 நாள் விதியிலிருந்து கோர்ட்ல விலக்கு வாங்கறது. வாங்க முடியும், கர்ப்பமா இல்லைங்கறதுக்கு மருத்துவ ஆதாரம் கொடுத்து, அங்க ஒரு வக்கீல் வெச்சு, எல்லா பேப்பரையும் இத்தாலியன்ல மாத்தி மனு போடணும். விவாகரத்து எந்தக் காரணத்துல ஆச்சுங்கறதைப் பொறுத்து விதிவிலக்கும் உண்டு, நீண்ட நாள் பிரிஞ்சு வாழ்ந்ததால கிடைச்ச விவாகரத்துக்கு அது வர வாய்ப்பு இருக்கு, ஆனா இவங்க தீர்ப்புல காரணம் ரொம்ப மொட்டையா எழுதியிருந்துச்சு, அதை அங்க இருக்கற அதிகாரி எப்படி எடுத்துப்பார்னு யாராலயும் உறுதி கொடுக்க முடியாது. இதை பொண்ணுகிட்ட வெச்சப்போ அவங்க அதிகம் பேசல, "என் உடம்பைப் பத்தி இன்னொரு நாட்டு ஜட்ஜுக்கு சர்டிஃபிகேட் கொடுத்துத்தான் நான் கல்யாணம் பண்ணணும்னா எனக்கு அது வேண்டாம் சார்"னு ஒரே வாக்கியத்துல முடிச்சிட்டாங்க. எங்களைப் பொறுத்தவரை அந்த வழி அங்கயே மூடியாச்சு, அதுக்கு மேல வற்புறுத்தறது எங்க வேலை இல்ல.

ரெண்டாவது, தேதியை நவம்பருக்கு தள்ளறது. ஏரிக்கரையில நவம்பர்னா சீசன் முடிஞ்சு பாதி ஹோட்டல் சாத்தியிருக்கும், வில்லாவும் அக்டோபரோட மூடிடுவாங்க. அட்வான்ஸ் போயிடும்.

மூணாவது, அவங்க வேலை பாக்கற நாட்டுல முன்னாடியே சட்டப்படி பதிவு பண்ணிட்டு, செப்டம்பர்ல வில்லால விழா மட்டும் நடத்தறது. அந்த நாட்டுல மறுமணத்துக்கு காத்திருப்பு எதுவும் இல்ல. விழா மட்டும்னா இத்தாலி அதிகாரிங்ககிட்ட கல்யாணம் சம்பந்தமா எந்த பேப்பரும் தேவையில்ல, வில்லா அங்கீகாரம் பத்தின கேள்வியும் போயிடுது, பொண்ணுக்கும் சாதாரண சுற்றுலா விசா போதும். நாங்க இதைத்தான் சொன்னோம். எங்க அனுபவத்துல, வர்ற கேஸ்ல பாதிக்கு மேல கடைசியில இந்த வழிக்குத்தான் வந்து சேருது.

எதிர்ப்பு வந்தது மாப்பிள்ளையோட அம்மாகிட்ட இருந்து. வீடியோ கால்ல நேராவே கேட்டாங்க, "இங்கயே கையெழுத்து போட்டு முடிச்சிட்டா அங்க அத்தனை பேரை வரச்சொல்லி என்ன தம்பி காட்டப்போறோம், டிராமாவா?" நியாயமான கேள்விதான். பதில் சொல்லி ஜெயிக்கற விஷயம் இல்லைன்னு தெரிஞ்சதால நாங்க பேசாம இருந்தோம். பொண்ணுதான் ரெண்டு நாள் கழிச்சு அவங்களைக் கூப்பிட்டு, பதிவுல சாட்சி கையெழுத்து நீங்கதான் போடணும் அத்தைன்னு கேட்டிருக்காங்க. அதுக்கப்புறம் டிராமாங்கற வார்த்தை வரல. ஆகஸ்ட் தொடக்கத்துல பதிவு நடந்துச்சு, விருந்து கிடையாது, போட்டோகிராஃபர் கிடையாது, மோதிரமும் உறுதிமொழியும் செப்டம்பருக்குன்னு எடுத்து வெச்சாச்சு. அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஃபாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படிச்சு, பிறந்த தேதியில ஒரு தப்பைக் கண்டுபிடிச்சு திருத்தச் சொன்னதுக்கப்புறம்தான் கையெழுத்து போட்டாங்களாம், அங்க இருந்த அதிகாரியே அதை கவனிக்கல.

பேர் மாத்தறது பத்தி தனியா ஒரு முடிவு எடுத்தோம். பொண்ணோட பாஸ்போர்ட்ல இன்னும் முதல் கணவரோட குடும்பப் பேர்தான். பதிவு ஆனதும் மாத்திடணும்னு அவங்களுக்கு அவசரம், அது புரியுது. ஆனா விசா ஒரு பேர்ல, டிக்கெட் ஒரு பேர்ல, பாஸ்போர்ட் இன்னொரு பேர்லன்னு ஆனா ஏர்போர்ட் கவுன்டர்லயே நிக்க வேண்டியதுதான். திரும்பி வர்ற வரைக்கும் பேரைத் தொடவேண்டாம்னு சொன்னோம், பொண்ணு மனசில்லாமத்தான் ஒத்துக்கிட்டாங்க.

விருந்தினர் விசா: அதிக நேரம் போன இடம்

68 பேர்ல 41 பேருக்கு ஷெங்கன் விசா வேணும். விதிப்படி பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியா 15 நாள் முன்னாடி. சாதாரணமா 15 நாள்ல முடிவு சொல்லணும், ஆழமா விசாரிக்கணும்னா 45 நாள் வரைக்கும் போகும். இதையெல்லாம் கேட்டா நிறைய டைம் இருக்கற மாதிரி தோணும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுதான் கஷ்டம், மே மாசத்துல இருந்து ஐரோப்பா போற கோடைக்கால கூட்டம் அத்தனையும் அதே கவுன்டருக்குத்தான் வரும். அதனால மார்ச் நடுவுல கதவு திறந்ததும் போடணும்னு அழைப்பிதழுக்கு முன்னாடியே ஒரு மெசேஜ் அனுப்பினோம். பாதி பேர் போட்டாங்க. மீதி பாதி, செப்டம்பர்தானே, பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க, அவங்கள்ல சிலர் ஜூன் 11-க்கு அப்புறம் போட்டதால விசா கட்டணம் 80 யூரோவா இருந்தது 90 ஆயிடுச்சு, ஆனா அது பெரிசில்ல, ஜூலை முழுக்க ஸ்லாட் வருதான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்ததுதான் பெரிசு.

எல்லாரோட விவரத்தையும் ஒரு ஷீட்ல வாங்கினோம். அதுல பிடிபட்ட விஷயங்கள்தான் இந்த கேஸ்ல மத்தவங்களுக்கு உதவும்னு நெனைக்கறேன்.

பொண்ணோட பெரியம்மா பாஸ்போர்ட் நவம்பர் 20 வரைக்கும் செல்லும், கல்யாணம் செப்டம்பர்ல, அவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. ஆனா ஷெங்கனை விட்டு கிளம்பற தேதிக்கு அப்புறமும் மூணு மாசம் செல்லுபடி இருக்கணும். செப்டம்பர் 18 கிளம்பினா டிசம்பர் 18. ஏப்ரல்லயே புதுசு எடுக்கச் சொன்னோம்.

இதைவிட நுணுக்கமானது மாப்பிள்ளையோட காலேஜ் ஃப்ரெண்டு கேஸ். அவருக்கு விசாவே வேண்டாம், அதனால நாங்க அவரை ஷீட்ல சேர்த்ததே சும்மா ஒரு ஒழுங்குக்காகத்தான். பாஸ்போர்ட் 2025 பிப்ரவரி வரைக்கும் செல்லும். ஆனா கொடுத்த தேதி 2014 ஆகஸ்ட். பழைய பாஸ்போர்ட்ல மிச்சமிருந்த மாசங்களை புதுசுல சேர்த்துக் கொடுக்கற வழக்கம் அவங்க நாட்டுல அப்போ இருந்துச்சு, அதனால பத்து வருஷத்துக்கு மேல நீளுது. உள்ள நுழையற நாள்ல பாஸ்போர்ட் கொடுத்து பத்து வருஷம் தாண்டியிருக்கக் கூடாதுங்கறது ஷெங்கன் விதி. செல்லுபடி தேதியை மட்டும் பாத்திருந்தா அவரை விமானத்துலயே ஏத்தியிருக்க மாட்டாங்க.

அடுத்தது எந்த நாட்டு தூதரகத்துல போடறதுங்கறது. பொண்ணோட சித்தப்பா குடும்பம் கல்யாணத்துக்கு மூணு ராத்திரி, அப்புறம் ஃபிரான்ஸ்ல எட்டு ராத்திரின்னு பிளான் போட்டுட்டு இத்தாலிக்கு விண்ணப்பம் ரெடி பண்ணி வெச்சிருந்தாங்க, கல்யாணம் இத்தாலியிலதானே நடக்குதுன்னு. அதிக நாள் தங்கற நாட்டுலதான் போடணும். அவங்க ஃபிரான்ஸுக்கு மாத்திப் போட்டு, அழைப்புக் கடிதத்தையும் வில்லா உறுதிப்படுத்தலையும் கூட வெச்சாங்க, விசா வந்துச்சு.

ஆகஸ்ட்ல விசா ஸ்டிக்கர் வர ஆரம்பிச்சப்போ ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். எல்லாரும் செல்லுபடி தேதியை மட்டும்தான் பாப்பாங்க, எத்தனை நாள் தங்கலாம்ங்கற கட்டத்தைப் பாக்க மாட்டாங்க. வயசான ஒரு தம்பதிக்கு செப்டம்பர் கடைசி வரைக்கும் செல்லும்னு இருந்துச்சு, ஆனா தங்க அனுமதி 8 நாள்தான். அவங்க டிக்கெட் படி 9 நாள், ஏன்னா போய் இறங்கற நாளும் கிளம்பற நாளும் கணக்குல சேரும். திரும்பற டிக்கெட்டை ஒரு நாள் முன்னாடி இழுத்தோம்.

41 பேர்ல 37 பேருக்கு விசா கிடைச்சுது. ரெண்டு பேர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காம விட்டுட்டாங்க. ரெண்டு பேருக்கு மறுப்பு. பொண்ணோட கசின்ஸ், அண்ணன் தம்பி, ரெண்டு பேருமே சமீபத்துல வேலையை விட்டவங்க, திரும்பிப் போவாங்கங்கறதுல சந்தேகம் இருக்குங்கற கட்டத்துல டிக் போட்டு பேப்பர் வந்துச்சு. மேல்முறையீடு பண்ண உரிமை உண்டு, ஆனா கல்யாணத்துக்குள்ள முடிவு வராதுன்னு வக்கீல் சொன்னதால அவங்க பண்ணல. இதை பொண்ணு ரொம்ப மனசுல எடுத்துக்கிட்டாங்க, ஒரு கட்டத்துல வில்லாவே வேண்டாம்னு சொல்ற அளவுக்கு.

நடந்தது

விழா நாள் பத்தி சொல்ல அதிகம் இல்ல. 61 பேர் வந்தாங்க. மத்தியானம் மழை பிடிச்சுது, உள் மண்டபத்துக்கு மாத்தினோம், ஒப்பந்தத்துல அதுக்கு தனி காசு இல்லாம ஏற்கனவே எழுதி வாங்கியிருந்தோம். ஏரியோட மேற்குக் கரை ரோடு ரொம்பக் குறுகல், பெரிய பஸ் வேண்டாம்னு சின்ன வேன்களா பிரிச்சிருந்தோம், எதிர்க்கரையில இருக்கற வரேன்னாங்கற ஊர்ப் பக்கம் தங்கினவங்க ஃபெர்ரில வந்தாங்க, கடைசி படகு எத்தனை மணிங்கறதை மட்டும் எல்லார் போன்லயும் ஏத்தி விட்டோம். மியூசிக் போட எஸ்.ஐ.ஏ.இ-ங்கற இத்தாலி காப்புரிமை அமைப்போட அனுமதி எடுக்கணும், தனியார் கல்யாணமா இருந்தாலும் எடுக்கணும், அதை டிஜே எடுப்பாரா நாம எடுக்கணுமாங்கறதை ஜூன்லயே கேட்டு எழுத்துல வாங்கினோம்.

பணம் விஷயத்துல கடைசி நேரத்துல ஒண்ணு தடுக்க வேண்டியிருந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா பூ அலங்காரக்காரருக்கும் வண்டிக்கும் மிச்சப் பணத்தை ரொக்கமா கையில கொண்டு வர்றேன்னு கிளம்பிட்டார். 10,000 யூரோ அல்லது அதுக்கு மேல கையில இருந்தா ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள நுழையும்போது அறிவிக்கணும், அது போக இத்தாலியில 2023 ஜனவரியிலிருந்து 5,000 யூரோவும் அதுக்கு மேலயும் ரொக்கமா கொடுத்து வாங்கறதுக்கு பொதுவா தடை. அவர் அறிவிச்சுட்டு கொண்டு வந்திருந்தாலும் பூக்காரர் வாங்கியிருக்க முடியாது. பேங்க் டிரான்ஸ்ஃபர்ல முடிச்சோம், பணம் போய்ச் சேர எடுத்த ரெண்டு நாளும் அவர் எங்களை நம்பவே இல்ல.

மறுப்பு வந்த கசின்ஸ் ரெண்டு பேருக்கும் லைவ் போட்டோம். மண்டபத்துக்குள்ள சிக்னல் சுமார், படம் விட்டு விட்டுத்தான் போச்சு.

அதுக்கப்புறம்

திரும்பி வந்து பொண்ணு பேரை மாத்தினாங்க. பதிவு சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வேற நாட்டுல ஏத்துக்கறதுக்கான அத்தாட்சி) வாங்கி மாப்பிள்ளையோட நாட்டு தூதரகத்துலயும் கல்யாணத்தைத் தெரிவிச்சாச்சு, அந்த நாடும் பதிவு நடந்த நாடும் 1961 ஹேக் ஒப்பந்தத்துல இருக்கறதால அதோட வேலை முடிஞ்சுது.

ஒரு சின்ன குழப்பம் மட்டும். விழாவை நடத்தினவர் அழகா சீல் வெச்சு, ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார், மாப்பிள்ளை ஆபீஸ் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு அதை அனுப்பிட்டார், பாக்க அதுதான் ஒரிஜினல் மாதிரி இருக்கும். திரும்பி வந்துடுச்சு. ஆகஸ்ட் சான்றிதழை அனுப்பினதும் ஆகஸ்ட் தேதியிலிருந்தே பாலிசில சேர்த்தாங்க. எந்த ஃபாரம்லயும் கல்யாணத் தேதின்னு ஆகஸ்ட் தேதியைத்தான் எழுதணும்னு ரெண்டு பேருக்கும் அப்போதான் உறைச்சுது, அதுவரைக்கும் ரெண்டு பேருமே செப்டம்பர் 14-ன்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க.

எங்க வேலை முறையில மாறினது

இப்போ முதல் மீட்டிங்லயே, வில்லா படம் பாக்கறதுக்கு முன்னாடி, மூணு தேதி கேக்கறோம்: முந்தின கல்யாணம் இருந்தா அது சட்டப்படி முடிஞ்ச தேதி, ரெண்டு பேரோட பாஸ்போர்ட் கொடுத்த தேதி, விருந்தினர் விசா கதவு திறக்கற தேதி. இதுல இருந்து பின்னோக்கி எண்ணித்தான் கல்யாணத் தேதி பேசறோம். கேக்க சங்கடமான கேள்விதான், அதுவும் குடும்பத்தோட உக்காந்திருக்கும்போது விவாகரத்து தேதி கேக்கறது, அதனால அதை மட்டும் ரெண்டு பேரை தனியா வெச்சு கேக்கறோம். இடம் முடிவானா, சட்டப்படி நடத்த அங்கீகாரம் இருக்கான்னு வில்லாக்காரங்ககிட்ட கேக்காம கோமுனேகிட்டயே எழுதிக் கேக்கறோம்.

சட்டப் பதிவை எங்க வெச்சுக்கறதுங்கறதுல எனக்கு ஒரு சாய்வு உண்டு, ஒத்துக்கறேன், வீட்டுப்பக்கமே முடிச்சிடுங்கன்னுதான் சொல்வேன். ஆனா அங்கயே பதிவு ஆகணும்னு உண்மையிலயே விரும்பறவங்களுக்கு அதுக்கான மாசங்களை ஒதுக்கி, முதல் தடவை கல்யாணம் பண்றவங்களா இருந்தா தாராளமா செய்யலாம், செஞ்சும் இருக்கோம்.

விருந்தினர் பட்டியல்ல விசா தேவைப்படறவங்களுக்கு தனி அழைப்பு, மத்தவங்களுக்குப் போறதை விட ரெண்டு மாசம் முன்னாடியே போகுது. அதுல இப்போ ஒரு பத்தி சேர்த்திருக்கோம். வேலை இல்லாத இடைவெளியில இருக்கறவங்க, புதுசா வேலைக்கு சேர்ந்தவங்க விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சு முடிவெடுங்க, மறுப்பு விவரம் ஷெங்கன் விசா தகவல் அமைப்புல 5 வருஷம் இருக்கும், வேற நாட்டு விசா ஃபாரம்லயும் முன்னாடி மறுப்பு உண்டான்னு கேப்பாங்க, உண்மையைத்தான் எழுதணும். மறுப்பு வந்த அந்த கசின்ஸ் ரெண்டு பேர்ல மூத்தவர் அடுத்த வருஷம் மேல்படிப்புக்கு விண்ணப்பிச்சப்போ அந்த மறுப்புக் கடிதத்தோட நகலையும் ஒரு விளக்கத்தையும் கூட வெச்சார், அந்த விசா கிடைச்சுது.